நிலா தாமதமாக வந்த ராத்திரி

என் மகள் தாம்பரம் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அங்கே தமிழ் மன்றத்துக்குத் துணைச் செயலாளர். போன ஆடி மாதம் ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"தொடக்க விழாவுக்கு அறுபது பேர் வந்தாங்கம்மா. அடுத்த கூட்டத்துக்குப் பதினோரு பேர்தான். புதுப் பொண்ணுங்க வாயே திறக்க மாட்டேங்குறாங்க."

"விழாவிலே என்னடி நடந்தது?"

பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று அடுக்கினாள். மேடையில் எட்டுப் பேர் பேசித் தீர்த்துவிட்டால் கீழே இருப்பவள் எதைப் பேசுவாள்?

"மேடை, மைக் ஒண்ணும் வேண்டாம். சும்மா ஒரு ராத்திரி எல்லாரும் கூடலாம். நம்ம மொட்டை மாடியிலே வச்சுக்கலாமா? பீட்சா வாங்கிடலாம்" என்றாள்.

எங்கள் வீடு கோவளத்தில். மாடி ஏறினால் கடல் தெரியும். "பீட்சா எதுக்கு? நிலாச்சோறு போடுறேன்" என்று வாய் விட்டுவிட்டேன். பிறகுதான் திக்கென்றது. நான் பிளஸ் டூ வரை படித்தவள். கூட வரப்போகிற பேராசிரியை முன்னால் என் பேச்சு எடுபடுமா?

இவரோ வேறு கவலையில் இருந்தார். "இருபத்தெட்டு வீட்டுப் பொண்ணுங்க. ராத்திரி வேளை. கடற்கரை ஊர். யார் பொறுப்பு?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. விடுதியில் எழுத்து மூலம் அனுமதி, கூடவே பேராசிரியை, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாக வந்து போகத் தெரிந்த டிரைவரின் வேன், ராத்திரி ஒன்பதுக்குப் புறப்பாடு என்று முடிவு செய்தோம். கடலில் யாரும் காலை வைக்கக் கூடாது என்பது என் நிபந்தனை. 2021-ல் நீலக்கொடிச் சான்று கிடைத்த கடற்கரை எங்களுடையது. அலைச்சறுக்குப் பழகவும் பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் கரைக்கு வந்த தண்ணீர் திரும்பும்போது சில இடங்களில் ஆறு மாதிரி உள்ளே இழுத்துப் போகும். நீச்சல் தெரிந்தவர்களையும் விடாது.

சமையலுக்கு ஆளுக்கு நூறு கிராம் அரிசி என்று கணக்குப் போட்டேன். மூன்று கிலோவில் சாம்பார் சாதம், புளியோதரை, தயிர் சாதம் தலா ஒரு கிலோ. தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல், வடகம். வெக்கையில் தேங்காய்த் துவையல் ஊசிப்போகும் என்பதால் அதைத் தவிர்த்தேன். சாதத்தையும் மத்தியானமே வடித்து மூடி வைக்கவில்லை, சாயந்திரம் ஆறரைக்கு மேல்தான் வடித்தேன். வடித்த சாதம் வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் கிருமி பெருகும். அது விடுகிற விஷம் மறுபடி சுட வைத்தாலும் போகாது. ஊர்ப் பிள்ளைகளுக்குப் போடும்போது இதில் அலட்சியம் கூடாது.

இத்தனை யோசித்தவள் ஒன்றில் கோட்டை விட்டேன். பௌர்ணமி வியாழக்கிழமை வந்தது. கல்லூரி இருக்குமே என்று சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்தேன். பௌர்ணமியன்று சூரியன் சாயும்போது நிலா ஏறும். அடுத்தடுத்த நாள் ஏறக்குறைய முக்கால் மணி, ஒரு மணி நேரம் தாமதமாகும். அது என் புத்திக்கு எட்டவேயில்லை.

ஏழு மணிக்கு எல்லோரும் பாயில் உட்கார்ந்தாயிற்று. நிலாவுக்காக விளக்கையும் அணைத்துவிட்டோம். கடல் பக்கம் ஒரே கருக்கல். "எங்கேம்மா நிலா?" என்று மகள் பல்லைக் கடித்தாள். எனக்கு அவமானமாகப் போச்சு. ஏதாவது பேச வேண்டுமே என்று, "அவங்கவங்க ஊர்ல ஆடி மாசம் என்ன விசேஷம், சொல்லுங்களேன்" என்றேன்.

ஒருத்தி ஆடிப்பெருக்குக்குக் காவிரிக் கரையில் சித்ரான்னம் சாப்பிட்டதைச் சொன்னாள். இன்னொருத்தி கூழ் ஊற்றுவதைச் சொன்னாள். பேராசிரியை, இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் 'போயா' என்று விடுமுறை நாள் என்றார். அப்புறம் ஒரு மூலையிலிருந்து புதுக் குரல் வந்தது.

"எங்கூர்ல இப்ப முளைப்பாரிம்மா. சட்டியில எருவும் வைக்கோலும் போட்டு நவதானியம் விதைப்போம். இருட்டு ரூம்புல வச்சு, தினமும் தண்ணி தெளிச்சு, சுத்தி நின்னு கும்மி கொட்டுவோம். முளை வளர்ந்ததும் தலையில தூக்கிட்டு அங்கிட்டு ஊருணிக்குப் போயி கரைப்போம்."

பரமக்குடிப் பக்கத்து முதல் வருஷப் பெண். நாலு பேர் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அவளும் அசராமல் பதில் சொன்னாள். கும்மிக்கு எப்படிக் கை தட்டுவது என்று அந்த இருட்டிலேயே காட்டினாள். மாடியெங்கும் படபடவென்று கைச்சத்தம்.

எட்டு மணிக்குக் கடலிலிருந்து செக்கச்செவேலென்று நிலா எழும்பியது. நான் சாதத்தைப் பிசைந்து உருட்டி ஒவ்வொரு கையாகப் போட்டேன். தட்டு கிடையாது, வரிசை கிடையாது. பேராசிரியையும் கையை நீட்டினார். "உங்க பேச்சைக் கேட்டா எங்க அம்மா ஞாபகம் வருது" என்றார். என் பயம் போன இடம் தெரியவில்லை.

வேன் போன பிறகு மகள் அண்டாவைத் தேய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "முதல் கூட்டத்திலே அந்தப் பொண்ணு 'நாற்காலியை அங்கிட்டுப் போட்டுரவா'ன்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சுட்டோம். முதல்ல சிரிச்சது நான்தாம்மா."

தமிழ் மன்றத்தில் தமிழைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்! நாலு வார்த்தை திட்ட வாயெடுத்தேன். முகம் தெரியாத இருட்டு கிடைக்கும் வரை அந்தப் பெண் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாளே என்று மனசு அடித்துக்கொண்டது. படித்தவர்கள் முன்னால் வாய் திறக்க நானும்தானே கூசினேன்!

"என்கிட்ட சொல்லி என்னடி பிரயோஜனம்? அவகிட்டப் போய்ச் சொல்லு" என்றேன்.

திங்கட்கிழமை சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண், "நீங்கதான்னு அப்பவே தெரியுமேக்கா" என்றாளாம். தெரிந்தேதான் எங்கள் வீட்டுக்கு வந்து, என் கையால் உருண்டை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள்.

அதற்கடுத்த கூட்டத்துக்கு முப்பத்திரண்டு பேர் வந்தார்களாம். மைக் வைக்காமல் வட்டமாக உட்கார்ந்தார்களாம். உங்கள் பிள்ளைகளும் இப்படிக் கேட்டால் தாராளமாக மாடியைக் கொடுங்கள், சகோதரிகளே. நிலா எத்தனை மணிக்கு வரும் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, விளக்கை மட்டும் போட்டுவிடாதீர்கள்.