தெரியாது, முடியாது, செய்ததில்லை

தமிழில் 'தெரியாது' வேறு, 'முடியாது' வேறு, 'செய்ததில்லை' வேறு. அன்றாடப் பேச்சில் இம்மூன்றையும் எவரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆற்றில் இறங்கியே அறியாதவரை 'நீந்த இயலாதவர்' என்று யாரும் முடிவு கட்டுவதில்லை. ஆனால் அறிவுசார் குறைபாடுடைய மாணவரின் முன்னேற்றத்தை மதிப்பிடும்போது மட்டும் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. பேருந்தில் தனியே சென்றறியாத பதினேழு வயது மாணவரைப் பற்றி 'அவனால் முடியாது' என்று எளிதில் எழுதிவிடுகிறார்கள். ஒருமுறையேனும் பயணச்சீட்டைத் தானே கேட்டு வாங்க அவரை விட்டார்களா என்ற வினா எழுவதேயில்லை.

இவ்வேறுபாட்டைக் காட்டும் கருவி இந்தியாவில் நெடுங்காலமாகவே உண்டு. செகந்திராபாத்தில் 1984இல் நிறுவப்பட்ட தேசிய நிறுவனம், அறிவுசார் குறைபாடுடைய மாணவர்களுக்கென ஒரு செயல்திறன் மதிப்பீட்டுப் பட்டியலை உருவாக்கியது. சிறப்புப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பழக்கமான பட்டியல் அது. முன்தொடக்க நிலை முதல் வளரிளம் பருவத்தினருக்கான முன்தொழிற்பயிற்சி நிலை வரை அதில் பிரிவுகள் உள்ளன. ஒவ்வொரு செயலுக்கும் எதிரே வெறும் 'ஆம்', 'இல்லை' என்று குறிப்பதில்லை. தானே செய்கிறார், எப்போதாவது குறிப்புக் காட்டினால் செய்கிறார், வாயால் சொன்னால் செய்கிறார், செய்துகாட்டினால் செய்கிறார், கைபிடித்து உதவினால் செய்கிறார் எனப் படிகள் உண்டு. இவற்றோடு இன்னொரு குறியீடும் இருக்கிறது: அச்செயலைச் செய்யும் வாய்ப்பே இதுவரை அமையவில்லை என்பது.

வயதில் மூத்த மாணவர்களுக்கு இப்படிகள் இன்றியமையாதவை. சூன் மாதத்தில் அரிசி களையக் கைபிடித்து உதவவேண்டியிருந்த மாணவிக்கு, மார்ச்சில் 'அப்புறம்?' என்ற ஒரு சொல் போதுமானதாகலாம். மதிப்பெண் தாளில் அவர் இன்னும் 'தானே செய்யாதவர்'தான். உதவி குறைந்த அளவை அளந்தால், அந்த ஓராண்டு பெரும் பயணமாகத் தெரியும்.

இறுதிக் குறியீடோ மாணவரைவிடச் சுற்றியிருப்போரைப் பற்றியே அதிகம் சொல்கிறது. அதை நேர்மையாக நிரப்பினால், மகன்களின் தாளில் சமையலறையும் மகள்களின் தாளில் கடைத்தெருவும் வெற்றிடமாக நிற்கக்கூடும். குறைபாடு ஏற்படுத்திய இடைவெளி எது, வளர்ப்புமுறை ஏற்படுத்தியது எது என்பது அப்போது விளங்கும்.

இதில் காலமும் நெருக்குகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பொதுவாகப் பதினான்கு வயதோடு நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதெனச் சான்று பெற்றோருக்கு இலவசக் கல்வி உரிமையைப் பதினெட்டு வயது வரை வழங்குகிறது. அதன்பின் பள்ளி என்னும் பிடிமானம் தளர்கிறது. ஆகவே, கடைசி மூன்றாண்டுகளில் எழுதப்படும் ஒவ்வொரு சொல்லுக்கும் கனம் மிகுதி. 'முடியாது' என்று எழுதப்பட்ட செயல் அடுத்த ஆண்டின் தனிநபர் கல்வித் திட்டத்திலிருந்து நீங்கிவிடும். கற்பிக்கப்படாததால் கற்காமல் போகும். ஈராண்டு கழிந்தால் அந்த மதிப்பீடு உண்மையாகவே ஆகியிருக்கும். 'வாய்ப்பு அமையவில்லை' என்று எழுதப்பட்ட செயலோ, அமைத்துத் தர வேண்டிய கடமையாகப் பெரியவர்கள் முன் நிற்கும்.

பெற்றோரின் அச்சத்தைக் குறைசொல்வதற்கில்லை. சாலை ஆபத்தானது, ஏமாற்றுவோரும் உண்டு. ஆயினும் வாய்ப்பு என்பது முதல் நாளே தனியே பேருந்தில் ஏற்றிவிடுவதன்று. தெருமுனைக் கடையில் தீப்பெட்டி வாங்கி மீதிச் சில்லறையைப் பெற்றுவருவதும் வாய்ப்பே. அம்மா பத்தடி தள்ளி நின்றுகொள்ளலாம்.

அடுத்த முறை பள்ளியில் முன்னேற்ற அறிக்கையைக் கையில் வாங்கும் பெற்றோர், 'முடியாது' என்றிருக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றைக் கேட்கலாம்: எத்தனை முறை, எவ்விடத்தில், யாருடைய உதவியோடு செய்ய வைத்துப் பார்த்தீர்கள்? விடை இல்லையெனில் அந்தச் சொல்லைத் திருத்தச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதே கேள்வியை வீட்டிலும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.