கிரகணத்துக்கு முன்பே

விடுதியில் கணக்குப் பிசகியவனை ‘மண்டு’ என்று நானும் அழைத்ததுண்டு. என் தம்பியைப் பற்றி மட்டும் உங்களிடம் சொன்னதில்லை. 16 வயதிலும் அவனுக்குச் சட்டைப் பித்தான் மாட்ட அம்மா வேண்டும். அவனைச் சுமந்திருக்கையில் கிரகணத்தன்று அவள் வெளியே வந்தாளாம். பாட்டியின் தீர்ப்பு அது.

சென்ற விடுமுறையில்தான் மருத்துவரிடம் போனோம். அறிவுத்திறனை அளந்ததோடு நில்லாமல், தானே உண்கிறானா, காசு எண்ணுகிறானா என்றெல்லாம் விசாரித்தார். இரத்தச் சோதனையில் குரோமோசோம்கள் 46க்குப் பதில் 47. 21ஆவது ஒன்று அதிகம். டவுன் சிண்ட்ரோம். 1959இல் லெஜூன் குழுவினர் அறிவித்த காரணமேதான். கரு உருவாகும்போதே நேர்ந்துவிடுவது.

“அப்படியானால், கிரகணத்துக்கு முன்னாலேயேவா?” என்று அம்மா மூன்று முறை கேட்டாள்.

பித்தான் மாட்டுவதைக் கடைசிப் படியிலிருந்து பழக்கச் சொன்னார்கள்: துளையில் பாதி நுழைத்துக் கொடுத்தால் அவன் இழுப்பான். இப்போது இரண்டு பித்தான்களைத் தானே மாட்டுகிறான். மூன்றாவதற்குப் பாட்டியே எதிரில் உட்கார்ந்து பழக்குகிறாள்.