தன் முதுகு தனக்குத் தெரியுமா?

'தன் முதுகு தனக்குத் தெரியாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறர் குறையைக் காண இரண்டு கண்கள் போதும். தன் குறையைக் காண்பதற்கோ கண்ணாடி வேண்டும், அதில் பார்க்கும் துணிவும் வேண்டும். தனி மனிதருக்கு உள்ள இவ்விடர்ப்பாடு நிறுவனங்களுக்கும் உண்டு. அவை தம் முதுகைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வகுக்கப்பட்ட ஒரு முறையைப் பற்றி இத்திங்கள் எழுத விரும்புகிறோம். பிள்ளைகளை மேற்படிப்புக்குத் தாயகம் அனுப்பலாமா என்று எண்ணும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. 'அந்தக் கல்லூரி எந்த கிரேடு?' என்று கேட்பவர் பலர். அந்த எழுத்துக்குப் பின்னால் நடப்பது என்ன என்று கேட்பவர் சிலரே.

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் ஜோலார்பேட்டையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால், வண்டி தமிழ்நாட்டை விட்டு ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தின் ஒரு மூலைக்குள் நுழையும். அங்கே குப்பம், அதற்கு அடுத்த நிலையம் குடுபல்லி, சற்று நேரத்தில் கர்நாடகம் வந்துவிடும். தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் சீமை அது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைவதற்கு முன், இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. எல்லைக் கோடுகள் மாறினாலும், வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியும் பேசி வளரும் பிள்ளைகள் அங்கு இன்றும் உண்டு. புலம்பெயர்ந்து வாழும் நமக்கு அந்நிலையை விளக்க வேண்டியதில்லை.

அந்த மண்ணில்தான் 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஆந்திர அரசு சட்டம் இயற்றித் தொடங்கிய அதற்குத் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் ஆகிய மாநிலங்களும் துணை நின்றன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக விளங்கிய மொழியியல் அறிஞர் வ. அய். சுப்பிரமணியம் இதன் இணைவேந்தராகவும் பணியாற்றினார். ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில், தென்னாட்டு மொழிகள் ஒன்றையொன்று அறிந்துகொள்ள வேண்டும் என்னும் நோக்கோடு எழுந்த நிறுவனம் அது. இத்தகையதொரு பல்கலைக்கழகம் தன்னைத் தானே எடைபோட்டுக்கொள்ள அமர்ந்தால், எந்தத் தராசை எடுப்பது? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே செல்வோம்.

கல்வி நிறுவனங்கள் ஒன்றுகூடித் தமக்குள் தரம் வகுத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் பிறந்தது. நியூ இங்கிலாந்துப் பகுதியின் பள்ளிகளும் கல்லூரிகளும் 1885இல் ஒரு சங்கமாகக் கூடின. அரசு ஆணையிட்டு நடந்ததன்று. கற்பிப்போர் தாமே கூடிச் செய்தது. இந்தியாவில் 1994இல் பல்கலைக்கழக மானியக் குழு, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவையை ஏற்படுத்தியது. 'நாக்' என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்வது இதனையே. வெளியார் வந்து சோதிக்கும் முன்னர், நிறுவனம் தன்னைத் தானே ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதித் தரவேண்டும் என்பது இதன் அடிப்படை விதி. தன்னாய்வு அறிக்கை என்பது அதன் பெயர்.

அதை எழுதுவது எப்படி? துணைவேந்தர் தலைமையில் ஒரு வழிகாட்டும் குழு அமைப்பார்கள். ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிப்பார்கள். 2017இல் வந்த திட்டப்படி ஏழு தலைப்புகள் வகுக்கப்பட்டன: பாடத்திட்டம், கற்பித்தலும் தேர்வும், ஆராய்ச்சி, கட்டடமும் நூலகமும், மாணவர் நலன், நிர்வாகம், நிறுவனம் போற்றும் விழுமியங்கள். தலைப்புக்கு ஒரு சிறு குழு அமரும். பல்கலைக்கழகங்களுக்கு மொத்தம் 1000 மதிப்பெண்; அதில் ஆராய்ச்சிக்கு 250, கற்பித்தலுக்கு 200, பாடத்திட்டத்துக்கு 150, ஏனைய நான்குக்கும் நூறு நூறு. ஐந்தாண்டுக் கணக்குகளைத் துறைதோறும் திரட்ட வேண்டும்; எழுதும் ஒவ்வோர் எண்ணுக்கும் சான்று இணைக்க வேண்டும். எண்களை வேறொரு தரப்பார் சரிபார்ப்பர். மாணவர்களிடம் நேரே கருத்துக் கேட்கப்படும். அதன்பின் வேறு பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் குழுவாக வந்து ஆய்வுக்கூடத்தையும் விடுதியையும் பார்த்து, ஆசிரியர், மாணவர், பெற்றோர், பழைய மாணவர் ஆகியோருடன் உரையாடுவர். ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு எண்களாலும் முப்பது பங்கு நேரில் கண்டதாலும் முடிவு அமையும். நான்குக்கு 3.51 எடுத்தால் 'ஏ++', 1.50க்கு மேல் எடுக்காவிட்டால் தரச்சான்று இல்லை.

இத்தனையும் காகித வேலைதானே என்று தோன்றலாம். நாம் ஆசிரியப் பணி புரிந்த ஒரு கல்லூரியில் இத்தகைய குழுவொன்றில் அமர்ந்திருந்தோம். நூலகப் பகுதி எங்கள் பொறுப்பு. எத்தனை நூல்கள், எத்தனை இதழ்கள், எத்தனை நாற்காலிகள் என்று எழுதி முடித்துவிட்டோம். பார்வைக்குப் பெருமையாகவே இருந்தது. அப்பொழுது நூலகர் எழுந்து சென்று, நூல்களை இரவல் தந்த பதிவேடுகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "இதையும் ஒருமுறை பாருங்கள், ஐயா" என்றார். ஆண்டுதோறும் இரவல் பெறுவோர் தொகை இறங்கிக்கொண்டே வந்திருந்தது. காரணம் தேடினோம். கடைசி வகுப்பு முடியும் நேரமும் நூலகக் கதவு சாத்தும் நேரமும் ஒன்றாக இருந்தன. பேருந்தைப் பிடிக்க ஓடும் கிராமத்துப் பிள்ளைகள் நூலகத்தை எட்டிப் பார்க்கவும் வழியில்லை.

இதை அறிக்கையில் எழுதுவதா, விடுவதா என்று நெடுநேரம் வாதம் நடந்தது. "நம் குறையை நாமே பறைசாற்றுவதா?" என்றார் ஒருவர். குழுவில் மூத்தவரோ, "எழுதாவிட்டால் நாளை இதை மாற்றச் சொல்வதற்கு நம் கையில் என்ன இருக்கிறது?" என்று அமைதியாகக் கேட்டார். எழுதப்பட்டது. அடுத்த பருவத்தில் மதிய இடைவேளையிலும் மாலையிலும் நூலகம் திறந்திருந்தது. கல்லூரி பெற்ற எழுத்து எதுவாயினும் ஆகுக. அன்று திறந்த கதவே அத்தன்னாய்வின் பயன் என்று இன்றும் கருதுகிறோம்.

ஆகவே அறிக்கைகள் இருவகை. ஒன்று, பிறர் பார்ப்பதற்காக எழுதுவது. விருந்தினர் வரும் நாளில் மட்டும் முற்றத்தைப் பெருக்குவது போன்றது. மற்றொன்று, தான் அறிந்துகொள்வதற்காக எழுதுவது. எழுத்துத் தரத்தின்மேல் மோகம் மிகும்போது முதல் வகை மேலோங்கும். அதற்கும் அப்பால் சென்று தீங்கு விளைவதும் உண்டு. ஆந்திரத்தின் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் உயர்ந்த தரம் பெற லஞ்சம் கைமாறியது என்னும் குற்றச்சாட்டில், பார்வையிட வந்த குழுவின் தலைவர் உட்படப் பத்துப் பேரை 2025 பிப்ரவரியில் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. கண்ணாடிக்கே சாயம் பூச முயன்றதாகக் குற்றச்சாட்டு எழுந்தால், அதில் தெரியும் முகத்தை யார் நம்புவார்? எழுத்துத் தரத்தை விடுத்து, சான்று உண்டா இல்லையா என்பதை மட்டும் முதலில் தீர்மானிக்கும் முறைக்கு மாறப்போவதாக அவை 2024 ஜனவரியில் அறிவித்தது. முறை எதுவாயினும், உண்மை எழுதும் கை இல்லையேல் பயன் இல்லை.

இனி, முன்பு நிறுத்திவைத்த கேள்விக்கு வருவோம். எல்லைப்புறத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு மொழித்துறை இருக்கிறது. சேரும் மாணவர் சிலரே என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கைத் தராசில் அது இலேசாகவே நிற்கும். ஆனால் அச்சிலர் தமிழையும் தெலுங்கையும் ஒருங்கே கற்று, ஒரு மொழியின் செல்வத்தை மற்றொன்றுக்குக் கொண்டு செல்பவராயின், அவர்களை எந்த எண்ணால் அளப்பது? தன்னாய்வின் அருமை இங்கேதான் விளங்குகிறது. வெளியிலிருந்து வருவோர் எண்ணத் தெரிந்ததையே எண்ணுவர். நாம் எதற்காகத் தோன்றினோம், அதைச் செய்கிறோமா என்பதை உள்ளிருப்போரே எழுத வேண்டும். மாணவர் குறைவு என்பதை மறைக்கவும் கூடாது; குறைவு என்பதனாலேயே துறை வீண் என்று பிறர் முடிவுகட்ட விடவும் கூடாது. இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும் நேர்மை அரிது. எழுதிவிட்டால் அத்துறைக்கு அதைவிடச் சிறந்த அரண் இல்லை.

பெற்றோராகிய நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. தன்னாய்வு அறிக்கையை நிறுவனங்கள் தம் இணையப் பக்கத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. எழுத்தை மட்டும் கேட்டு நின்றுவிடாமல், அறிக்கையையே எடுத்துப் படியுங்கள். நிலையான ஆசிரியர் எத்தனை பேர், காலியிடம் எத்தனை என்று பாருங்கள். சேர்ந்தவரில் படித்து முடித்தவர் எத்தனை பேர் என்று பாருங்கள். தன் குறைகளைப் பற்றிய பகுதியில் நிறுவனம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்கு 'எல்லாம் நன்றே' என்றிருந்தால் ஐயுறுங்கள். 'இது எமக்கு இல்லை, இவ்வாறு ஈடுசெய்கிறோம்' என்றிருந்தால் அக்கல்லூரியை நம்பலாம்.

நம் சங்கத்திற்கும் வார இறுதித் தமிழ்ப் பள்ளி உண்டு. ஆண்டுவிழா மேடையில் பிள்ளைகளின் ஆடல் பாடலைக் கண்டு மகிழ்கிறோம், அது வேண்டியதே. ஆனால் ஐந்தாண்டு பயின்ற பிள்ளை பாட்டிக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுத வல்லதா? இடையில் நின்றவர் எத்தனை பேர், ஏன் நின்றனர்? ஆசிரியராக முன்வரும் தாய்மாருக்கு நாம் தந்த பயிற்சி என்ன? இவற்றை ஒரு தாளில் எழுதும்படி எந்த அவையும் நம்மைக் கேட்கப் போவதில்லை. பெங்களூரிலிருந்து எவரும் வந்து பார்க்கப் போவதுமில்லை. அதனாலேயே, மூவர் நால்வர் கொண்ட ஒரு சிறு குழு அமைத்து, வருகைப் பதிவேட்டை மேசைமேல் வைத்து, வரும் பள்ளி ஆண்டு தொடங்கும் முன் நாமே அதை எழுதிவிட வேண்டும் என்று அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.