ஆளாதலே பெருமை

நாற்பதாண்டு மாணாக்கர்க்குப் பாடஞ்சொல்லி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கருதுக. அவர் பெற்ற பொன்னாடைகள் பேழையுள் மடிந்து கிடக்கின்றன. பட்டங்கள் சட்டமிடப்பட்டுச் சுவரில் தொங்குகின்றன. ஓய்வுபெற்ற தொடக்கத்தில் அவரைக் காண வருவார் பலர். ஆண்டொன்று கழியுமுன் சிலர். பின்னர் வாயிற்படியில் அடியோசை கேட்பதில்லை. கண்ணொளி மழுங்குகின்றது. மனப்பாடமாயிருந்த நூற்பா இடையிலே நின்றுவிடுகின்றது. அப்பொழுது, “கற்பித்தல் போயினபின் யான் யார்?” என்னும் வினா அவருள்ளத்தெழுந்து வருத்துகின்றது. இவ்வருத்தம் வறுமையால் வந்ததன்று, நோயால் வந்ததுமன்று. தன் மதிப்பைத் தன் செயலின்மேல் ஏற்றிவைத்தவன், செயல் ஒழியுங்கால் மதிப்பும் உடன் ஒழியக் காண்டலால் வந்தது.

இவ்வினாவுக்குரிய விடை நடுநாட்டுத் திருவெண்ணெய்நல்லூரில் இருகால் வெளிப்பட்டது. திருநாவலூரில் தோன்றி, நரசிங்கமுனையரையரால் அரசச் செல்வத்தொடு வளர்க்கப்பெற்ற நம்பியாரூரர், புத்தூரில் மணக்கோலத்துடன் அமர்ந்திருந்தபொழுது, முதிய வேதியர் ஒருவர் வந்து, அவர் தமக்கு வழிவழி அடிமை என்று வழக்கிட்டார். ஆரூரர் அவரைப் பித்தரென்று இகழ்ந்தார். அவர் கொணர்ந்த ஓலையைப் பறித்துக் கிழித்தார். வெண்ணெய்நல்லூர் அவையத்தார் மூலவோலையை ஆராய்ந்து முதியவர்க்கே தீர்ப்புக் கூறினர். அவர்தம் இல்லம் எங்குள்ளதென்று வினவியபொழுது, திருவருட்டுறை என்னுந் திருக்கோயிலுட் புகுந்து மறைந்தருளினார்.

ஈண்டு நோக்கற்பாலது ஒன்றுண்டு. ஆட்கொள்ளப்பட்ட அந்நாள்வரை ஆரூரர் அப்பிறப்பிற் பாடியருளிய திருப்பதிகம் ஒன்றுமில்லை. அந்நாளில் அவர் செய்தன, முதியவரை இகழ்ந்ததும் ஓலையைக் கிழித்ததுமே. உலகவாழ்வில் மயங்குங்கால் தம்மைத் தடுத்தாளவேண்டுமென்று முன்னைக் கயிலையில் விண்ணப்பித்ததனை அவர் மறந்திருந்தார், இறைவன் மறந்திலன். உடையவன் தன் உடைமையைத் தேடி வந்தானேயன்றி, உடைமையின் சிறப்பினை விலைமதித்து வந்தானல்லன்.

பின்னர், 13-ஆம் நூற்றாண்டில், அவ்வூரிலேயே மற்றொன்று நிகழ்ந்தது. திருத்துறையூரிற் பிறந்த சதாசிவ சிவாசாரியார், ஆகமப் புலமையின் மிகுதியால் சகலாகம பண்டிதர் எனப் போற்றப்பட்டவர். திருப்பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர் மகப்பேறின்றி வருந்தியபொழுது, திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்து, திருவெண்காட்டு வழிபாட்டிற்கு வழிகாட்டிய குலகுரவரும் அவரே. அவ்வழிபாட்டாற் பிறந்த குழந்தையே, வெண்ணெய்நல்லூரில் மாமனார் இல்லத்து வளர்ந்து, பரஞ்சோதி முனிவரால் அருளுபதேசம் பெற்ற மெய்கண்டார். அவர் மாணாக்கர்க்கு ஆணவமலத்தின் இயல்பினை உணர்த்திக்கொண்டிருந்த வேளையில், பண்டிதர் அங்குச் சென்று நின்று, அம்மலத்தின் சொரூபம் எத்தகையதென வினவினார். சிறுவராகிய மெய்கண்டார் மறுமொழி கூறாது, பண்டிதரை அடிமுதல் முடிவரை நோக்கியருளினார். நிற்கின்ற தாமே அதன் சொரூபம் என்று பண்டிதர் உணர்ந்தார். தம் வழிகாட்டலாற் பிறந்த குழந்தையின் அடியில் வீழ்ந்தார். அருணந்தி எனப் பெயர்பெற்று எழுந்தார்.

அற்றேல் கல்வியும் முயற்சியும் பயனிலவோ எனின், அல்ல. ஆசிரியர் அருளிய சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களுக்கு வழிநூலாகச் சிவஞானசித்தியாரை விரித்தருளியவர் அவ்வருணந்தி சிவாசாரியாரே. பரபக்கத்துப் பிறமதங்களை எடுத்தாராய்ந்து மறுத்தற்குப் பண்டைப் புலமையனைத்தும் அவர்க்குத் துணையாயிற்று. கல்வி அழிந்ததில்லை, கல்விக்கு உரியவன் மாறினான். முன்னர்ப் பண்டிதர்க்கு அணியாயிருந்தது, பின்னர்க் குருவின் திருவடிக்குத் தொண்டாயிற்று.

இதற்குரிய காரணத்தைச் சித்தாந்தம் தெளிவுறக் கூறும். உயிர் சத்துமன்று, அசத்துமன்று, சதசத்து. சார்ந்ததன் வண்ணமாதலே அதன் இயல்பு. படிகம் தன்னை அடுத்த மலரின் நிறத்தைக் காட்டுதல்போல, உயிர் மலத்தைச் சார்ந்துழி மலமாயும், சிவத்தைச் சார்ந்துழிச் சிவமாயும் நிற்கும். ஆதலின் உயிர்க்குத் தனித்துக் கூறப்படும் பெருமை இல்லை. இல்லையென்று இரங்கும் சிறுமையும் இல்லை. யாரைச் சார்ந்துளது என்பதொன்றே அதன் மதிப்பு.

இங்கு அஞ்சத்தக்கதும் ஒன்றுண்டு. பட்டத்தைத் துறந்தவன், “யான் பெரும் பத்தன்” என்பதனைப் புதிய பட்டமாகச் சூடிக்கொள்ளுதல் கூடும். நீறும் கண்டிகையும் அவன்பால் பொன்னாடையாகவே முடியும். செய்த பூசையை எண்ணி மகிழ்பவன், அது தவறிய நாளிற் பழைய வருத்தத்தையே அடைவான். அன்பும் ஈட்டிய பொருளன்று, ஆட்கொண்டவன் அளித்தது.

முதற்கண் கூறிய ஆசிரியர்பால் மீண்டு வருவோர்க்கு, அவர்தம் வினாவின் விடை இனி விளங்கும். ஆசிரியப் பணிக்கு ஓய்வுண்டு, ஆளாந்தன்மைக்கு ஓய்வில்லை. வைகறையில் நடுங்குங் கையால் நீறணிந்து, நினைவில் நின்ற அளவிற்குத் திருமுறை ஓதி, நினைவு தவறியவிடத்து ஐந்தெழுத்தை எண்ணி அவர் அமர்ந்திருப்பாராக. வாயிலில் ஒருவரும் வந்திலராயினும் குறையில்லை. தம் ஆள் இன்னான் என்பதனை அருட்டுறைப் பெருமான் மறப்பதிலன்.

திருச்சிற்றம்பலம்