வவுச்சர் இல்லாத செலவு

‘‘நீதானே அவளை பி.காம். சேர்த்துவிட்டே? நீயே போய்க் கூட்டிட்டு வா!’’

2017-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் அக்கா போனில் போட்ட உத்தரவு இது. ‘அவள்’ என்பது அக்கா மகள். நான் படித்த அதே பி.காம். ஆனால், என்னைவிட நன்றாகப் படித்தவள். சி.ஏ.வில் பாதிக் கிணறு தாண்டியிருந்தாள். சென்னையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் மாசம் முப்பத்தைந்தாயிரத்துக்கு ஆர்டர் கையில் இருந்தது. அதை வைத்துவிட்டு, ஜவ்வாது மலையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதப் போய்விட்டாள். சம்பளம் பதினோராயிரம்.

‘‘சேவை பண்ணணும்னா கோயில்ல போய்ப் பண்ணட்டும்டா. மலை மேல எதுக்கு?’’ என்றாள் அக்கா.

நானும் கிளம்பினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மருமகளைக் கூட்டி வருவது பாதிக் காரணம்தான். ‘நகரத்தை உதறிவிட்டு மலை மக்களோடு வாழும் இளம்பெண்’ என்று ஒரு கட்டுரை தேறும் என்பது மீதி.

போளூரில் பஸ் மாறி, கொண்டை ஊசி வளைவுகளில் குடல் வாய்க்கு வர, ஜமுனாமரத்தூரில் இறங்கினேன். அங்கிருந்து ஷேர் ஜீப். ஆபீஸ் என்பது தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பீரோ, சுவரில் காலண்டர். மருமகள் தரையில் உட்கார்ந்து வவுச்சர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

‘‘மாமா, தியாகம் கியாகம்னு எதுவும் எழுதிடாதீங்க. மானம் போயிடும்’’ என்பதுதான் வரவேற்பு. என் மூஞ்சியிலேயே கட்டுரை எழுதியிருந்தது போல!

தமிழ்நாட்டில் பழங்குடியினர் எத்தனை பேர் தெரியுமா? 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 7 லட்சத்து 95 ஆயிரம். மக்கள்தொகையில் 1.1 சதவீதம். ஒரு எம்.எல்.ஏ.வை மிரட்டக்கூட இந்த எண்ணிக்கை போதாது. ஜவ்வாது மலையில் இருப்பவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளாக்காரர்கள் இல்லை, மலையை ஆள்பவர்கள் என்று அர்த்தம் சொல்கிறார்கள். சாமை விதைப்பார்கள், புளி உலுக்குவார்கள். அது போதாதபோது கூலிக்குக் கீழே இறங்குவார்கள். செம்மரம் வெட்டக் கூட்டிப் போகும் ஏஜென்ட்டுகள் அப்போதுதான் வருவார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்களே... அதில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள்.

நிறுவனத்தில் மொத்தம் பதினான்கு பேர். சாதிச் சான்றிதழுக்கு அலைவது, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுபோய் விடுவது, வன உரிமைச் சட்டத்தில் நிலத்துக்கு மனு எழுதித் தருவது, பிரசவ கேஸை ரோடு வரை கொண்டுவந்து சேர்ப்பது. இதுதான் வேலை. கேட்கச் சின்னதாக இருக்கும். ஒவ்வொன்றும் பத்து நடை.

அன்று ராத்திரியே ஒரு போன். உள்ளே ஆறு கிலோமீட்டரில் ஒரு குக்கிராமம், தலைப்பிரசவம். 108 ஆம்புலன்ஸ் தார் ரோடு வரைதான் வரும். அங்கிருந்து நான்கு பேர் மூங்கிலில் போர்வையைக் கட்டி டோலியாகத் தூக்கி வந்தார்கள். நான் டார்ச் அடிக்கும் உத்தியோகம் பார்த்தேன். மேட்டில் மூச்சிரைத்தது எனக்குத்தான், தூக்கியவர்களுக்கு இல்லை. விடிகாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

மறுநாள்தான் நிஜமான பாடம் ஆரம்பித்தது. பணம் தரும் அமைப்பு ‘நோயாளி போக்குவரத்து’ என்று ஒரு தலைப்பில் தொகை ஒதுக்கியிருந்தது. மருமகள் தூக்கி வந்தவர்களுக்கு ஆளுக்கு இருநூறு ரூபாயும், கையெழுத்து வாங்க வவுச்சரும் நீட்டினாள். நால்வரில் பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

‘‘தூக்குனதுக்குக் காசு வாங்குறதா? நாளைக்கு என் வூட்ல ஒண்ணுன்னா எவன் வருவான்?’’

அவ்வளவுதான். போய்விட்டார்.

‘‘பாத்தீங்களா மாமா? இந்த வருஷம் இந்தத் தலைப்புல செலவே காட்ட முடியலை. காட்டலைன்னா, ‘இங்க இந்தத் தேவையே இல்லை போலிருக்கு’ன்னு அடுத்த வருஷம் வெட்டிடுவாங்க. ஜீப்காரன் காசு வாங்குவான். ஆனா பில் தர மாட்டான். பில் இல்லாத ஊருல பில் கேக்கறாங்க, காசு வாங்காத ஆளுக்குக் காசு குடுக்கச் சொல்றாங்க. நான் என்னத்தை எழுத?’’

நாங்கள் படித்த பி.காமில் இதற்கு ஜர்னல் என்ட்ரி இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டத்தின் விதிகளில், ஒருவர் அந்த நிலத்தில் வாழ்ந்ததற்கு ஊர்ப் பெரியவர் சொல்லும் வாக்குமூலத்தை எழுதி வாங்கினால் அதுவும் ஓர் ஆதாரம். சர்க்கார் சட்டமே பெரியவர் வாய்ச்சொல்லை ஏற்றுக்கொள்கிறது. ஜீப் வாடகைக்குப் பெரியவர் சொல் செல்லாது!

‘‘சரி, உனக்கு இங்க என்னதான் கிடைக்குது?’’ என்று கேட்டேன். வந்த காரியத்தை மறக்கக்கூடாதே.

‘‘முதல் ஆறு மாசம் ஒருத்தரும் என்கிட்ட பேசலை மாமா. ஜீப்புல வந்து இறங்குறவங்களைப் பாத்தா பொம்பளைங்க உள்ளே போயிடுவாங்க.’’

அதற்குக் காரணம் உண்டு. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்தான். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் நுழைந்து நடத்திய அட்டூழியத்தில் 18 பெண்கள் பலாத்காரம் செய்யப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வர 2011 ஆனது. அதற்குள் 54 பேர் இறந்தே போனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது கோர்ட். 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மூன்று வருஷ ப்ராஜெக்ட்டோடு வருகிறவர், இப்படி ஒரு ஞாபகத்தோடு இருப்பவர்களிடம் முதல் வருஷமே ‘பயனாளிகள் பட்டியல்’ கேட்டால் எப்படி?

அதே தர்மபுரியில், வாச்சாத்தி நடந்த அடுத்த வருஷம், 1993-ல், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கியில் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற டாக்டர் தம்பதி வந்து குடியேறினார்கள். ஆஸ்பத்திரி என்பது ஊர்க்காரர்கள் கட்டிக் கொடுத்த ஒரு குடிசை. அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேல் முதல் பிறந்தநாளைப் பார்த்ததில்லை. அது பின்னால் வெகுவாகக் குறைந்தது. எல்லோரும் டாக்டர்களைப் பற்றித்தான் எழுதுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அவர்கள் வெளியிலிருந்து நர்ஸ்களைத் தருவிக்கவில்லை. உள்ளூர்ப் பெண்களுக்கே சொல்லிக் கொடுத்து நர்ஸ் ஆக்கினார்கள். ஜீப்பைக் கண்டு உள்ளே போனவர்களின் மகளே வெள்ளை உடையில் நின்றால் யார் பயப்படுவார்கள்?

நான் தனியாகத்தான் சென்னை திரும்பினேன். அக்கா ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. கட்டுரையும் எழுதவில்லை.

பிறகு 2020 வந்தது. கொரோனாவோடு இன்னொன்றும் வந்தது. அந்த செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு நிறுவனம் வெளிநாட்டிலிருந்து வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தரக்கூடாது. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்று இருந்தது 20 ஆனது. வெளிநாட்டுப் பணத்தில் தப்புத்தண்டாவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கணக்குக் கேட்பதும் நியாயம்தான். ஆனால், மலை மேல் இருக்கும் குட்டி நிறுவனங்கள் பலவும் பெரிய நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் பணம் வாங்கி வந்தன. மருமகளின் நிறுவனமும் அப்படித்தான். குழாயை ஒரே திருகில் மூடினார்கள்.

பதினான்கு பேரில் ஐந்து பேருக்குத்தான் சம்பளம் தர முடியும் என்ற நிலை. யாரை வைத்துக்கொள்வது? யாரை அனுப்புவது? ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசினார்களாம். கணக்கு எழுத ஓர் இடம்தான்.

மருமகள் மூன்று வருஷமாக ஒரு பெண்ணுக்கு டேலி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டோலி வந்ததே, அந்த ஊர்ப் பெண். அந்த ஊரின் முதல் பட்டதாரி. அதுவும் பி.காம்.!

2021 மார்ச்சில் எனக்கு போன். ‘‘மாமா, என் வேலை போச்சு. நானே குடுத்துட்டேன்.’’

‘‘நல்ல விஷயம்தானேம்மா. நீ போனதே இதுக்குத்தானே?’’ என்றேன், பெரிய தத்துவம் போல.

‘‘அப்படிச் சொல்லாதீங்க. மத்த எட்டு பேரும்தான் போறாங்க. அதுல ரெண்டு பேர் குடகுல காபித் தோட்டத்துக்குக் கூலிக்குக் கிளம்பிட்டாங்க. அதை நல்ல விஷயம்னு எப்படிச் சொல்றது?’’

எனக்கு பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

இப்போது அவள் வேலூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறாள். கல்யாணம் ஆகிவிட்டது. அக்கா மட்டும் ‘‘நாலு வருஷம் வீணாப்போச்சு’’ என்பாள். அதை மருமகள் காதில் விழும்படி சொல்வதில்லை என்பது முன்னேற்றம்.

ஒவ்வொரு மாசக் கடைசியிலும் மலையிலிருந்து அவளுக்கு போன் வரும். ‘அக்கா, இதை எந்தத் தலைப்புல போடறது?’ முதல் வருஷம் பத்து தடவை கூப்பிட்டாளாம். அப்புறம் மாசத்துக்கு ஒன்று. அப்புறம் ஆடிட் சமயத்தில் மட்டும்.

போன பொங்கலுக்குப் பார்த்தபோது விசாரித்தேன்.

‘‘இந்த வருஷம் ஆடிட்டே முடிஞ்சிடுச்சாம் மாமா. ஒரு சந்தேகம்கூடக் கேக்கலை.’’

‘‘சந்தோஷமா?’’

‘‘ரொம்ப’’ என்றாள். பாத்திரத்தில் பொங்கலைக் கிண்டிக்கொண்டே, கொஞ்ச நேரம் கழித்து, ‘‘ஒரு போனாவது பண்ணியிருக்கலாம்’’ என்றாள்.