பேரேட்டில் காணாத தொகை

ஜூலை 14

எம்.எஸ்ஸி. வகுப்பில் அணுக்கரு இயற்பியல் இன்று ஆரம்பமாயிற்று. பேராசிரியர் முன்னுரை ஏதுமின்றி, இரண்டு புரோட்டான்களின் நிறையையும் இரண்டு நியூட்ரான்களின் நிறையையும் கூட்டச் சொன்னார், 4.0319 அணு நிறை அலகு வந்தது. அந்நான்கும் சேர்ந்து உருவான ஹீலியக் கருவின் நிறையோ 4.0015 தான். குறைந்துபோன 0.0304 அலகு, அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்ட தருணத்தில் 28.3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் சக்தியாக வெளியேறிவிட்டதென்றும், மறுபடி அவற்றைப் பிரிக்க வேண்டுமானால் அத்தனையையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டுமென்றும், ஹைட்ரஜன் ஹீலியமாகையில் நேரும் இத்தகைய குறைவே நமக்கு வெயிலாகக் காய்கிறதென்றும் அவர் விளக்கியபோது, ஜவுளிக்கடையில் கணக்கெழுதிய என் தகப்பனார், நாலணா இடித்ததற்காக ஓர் இரவு முழுவதும் விளக்கை வைத்துக்கொண்டு பேரேட்டைப் புரட்டியது நினைவுக்கு வந்தது.

ஜூலை 29

ஆய்வுக்கூடத்தில் கைகர் எண்ணியுடன் முதல் பழக்கம். கதிரியக்கப் பொருளை ஈயப் பெட்டியில் வைத்துப் பூட்டிய பின்னும் கருவி விட்டுவிட்டுத் துடித்தது. சுவரிலும் மண்ணிலும் உள்ள கதிரியக்கமும், ஆகாயத்திலிருந்து ஓயாது பொழியும் காஸ்மிக் கதிர்களும் அதற்குக் காரணம் என்றார்கள். அந்தப் பின்னணியைத் தனியே எண்ணிக் கழித்த பிறகே நமது கணக்குத் தொடங்குகிறது. பொருளை எதிரே வைத்ததும் நிமிஷத்துக்கு 398, 421, 385 என எண்கள் மாறி மாறி வரவே, என் கை பிசகியதோ என்று கலங்கினேன். நானூறின் வர்க்கமூலமாகிய இருபதை ஒட்டி ஏறி இறங்குவதே இதன் சுபாவம் என்று அறிந்தபின் மனம் தெளிந்தது.

ஆகஸ்ட் 11

இன்று பீட்டா சிதைவு. ஒரே வகைக் கருக்கள் ஒரே அளவு சக்தியை இழந்தும், வெளிவரும் எலக்ட்ரான்கள் வெவ்வேறு அளவையே சுமந்து வருவதை 1914-இல் சாட்விக் கண்டார். மீதி வெப்பமாகவாவது தங்கியிருக்கக் கூடுமென்று எல்லிஸும் வூஸ்டரும் 1927-இல் அளந்து பார்த்தும் அது அகப்படவில்லை. சக்தி அழியாது என்னும் விதி இங்கே சராசரியாகத்தான் செல்லுமோ என்று நீல்ஸ் போர் போன்ற மேதையே ஐயுற்ற வேளையில், விதியைக் கைவிட மனமில்லாத பௌலி, மின்னூட்டமற்ற, மிக இலேசான துகளொன்று அந்த மீதியை எடுத்துச் செல்கிறதென 1930 டிசம்பரில் ஒரு கடிதத்தில் எழுதினார். மலையில் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பது நம் தருக்க சாஸ்திரம். புகையும் இல்லாத இடத்தில், குறைவொன்றையே சாட்சியாக வைத்து அவர் அனுமானித்தார். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1956-இல், ரெய்ன்ஸும் கோவனும் அணு உலையருகே அந்த நியூட்ரினோவைப் பிரத்தியட்சமாக்கினார்கள். 1965-இல், நமக்கு அண்மையிலுள்ள கோலார் தங்கச் சுரங்கத்தில், தரைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் சுவடு பதிவாயிற்று.

இரவு அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். கணக்கு இடிக்கும்போது கூட்டல் விதியைச் சந்தேகியாமல், எழுதப்படாத பற்று எங்கேயோ இருக்கிறதென்று அவர் தேடிய அந்த இரவின் பொருள் எனக்கு இன்றுதான் விளங்கிற்று என்பதையும் அதில் சேர்த்தேன்.