டாக்டரிடம் மறைப்பானேன்?

நான் தோட்டப் பள்ளிக்கு வேலைக்கு வந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் இருந்த மாணவன் ஒருவன், இன்று சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அவன் மனம் நாடுவது ஆண்களைத்தான். அங்கே புதிய டாக்டர் குடும்பத்தைப் பற்றி விசாரித்தபோது, "நான் சொல்வது வெளியே போகாதல்லவா?" என்று உறுதி கேட்டுக்கொண்டு, உள்ளதைச் சொன்னானாம். அதன்பின்தான் அவனுக்கு வேண்டிய இரத்தச் சோதனையும், கல்லீரலைக் காக்கும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியும் பேச்சில் வந்தன. மலேசியாவில் குழந்தைகளுக்கு அந்த ஊசி 1989இல்தான் தொடங்கியது. இவன் அதற்கு முன் பிறந்தவன்.

இது நோயல்ல என்று உலகச் சுகாதார நிறுவனம் 1990இலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022இல் சட்டத் தடையை நீக்கியது. நம் நாட்டில் தடை இருக்கிறது. ஆகவே முதலில் உறுதி கேட்பதே புத்தி.

பெற்றோரே, வளர்ந்த பிள்ளையோடு கிளினிக்குக்குப் போனால் நாம் வெளியே பெஞ்சில் இருப்போம். உள்ளே அவன் மனம்விட்டுப் பேசட்டும்.